சமையலறைக் குப்பைக்கு எது ஏற்றது?

நசரத்பேட்டையில் வசிக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் சென்ற விடுமுறையில் ஒரு விவாதம் எழுந்தது. அமெரிக்காவிலிருந்து வரவிருந்த அவளுடைய மாமா, "அக்கா, குப்பை அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கி வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஆசை, பாட்டிக்குச் சந்தேகம். தோழி அந்தக் கேள்வியை எங்களிடம் கொண்டு வந்தாள். மனையியல் பயிலும் நாங்கள் விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

இவ்வியந்திரத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் ஹாம்ஸ் என்னும் கட்டடக் கலைஞர். ஆண்டு 1927. காப்புரிமை கிடைத்தது 1935-இல். சிங்கின் அடியில் பொருத்தப்படும் இதற்குள் மிக்ஸியில் உள்ளதுபோல் கத்தி இருக்கும் என்றே நாங்களும் நினைத்திருந்தோம். அப்படியில்லை. வேகமாகச் சுழலும் ஒரு தட்டு, கழிவை ஓரத்திலுள்ள சொரசொரப்பான வளையத்தின்மீது வீசியடிக்கிறது. அங்கே அது தேய்ந்து கூழாகி, குழாய்த் தண்ணீருடன் வெளியேறுகிறது.

வாங்க நினைப்போர் முதலில் பார்க்க வேண்டியது மின்சாரத்தை. அமெரிக்க வீடுகளுக்கான இயந்திரம் சுமார் 120 வோல்ட்டில் ஓடுவது. நம் வீட்டிலோ 230 வோல்ட். ஆகையால் மாமா ஆசையோடு சுமந்து வந்தாலும் அதை நேரே இங்கே பொருத்த இயலாது. அடுத்தது சிங்கின் துவாரம். ஏறக்குறைய மூன்றரை அங்குலம் தேவை. நம் வீட்டுச் சிங்குகள் பலவற்றில் அது சிறியது. மோட்டாரின் வலு மூன்றிலொரு குதிரைத்திறன் முதல் ஒரு குதிரைத்திறன் வரை உண்டு. வலு கூடக் கூட விலையும் கூடும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும், நம் சமையலறைக் குப்பை எத்தகையது என்று பார்க்க வேண்டாமா? ஒருநாள் எங்கள் வீட்டுக் கூடைகளைக் கிளறிப் பார்த்தோம். (அருவருப்பு அடைந்தவர்கள் பெயரை எழுதமாட்டோம்!) முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், கீரைத்தண்டு, தேங்காய் நார், புளிச்சக்கை, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பின் எலும்பு. நாருள்ளவை இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். மிஞ்சிய சோறு குழாயில் ஊறிப் பருத்து அடைக்கும். எண்ணெயோ உறைந்து படியும். ஆக, நாம் அன்றாடம் கொட்டுவதில் பெரும்பங்கு அதற்கு ஆகாதவை.

இதனினும் பெரிய கேள்வி, அரைத்த கூழ் எங்கே போகிறது என்பதுதான். பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேருமானால் முழுதும் வீண் என்று சொல்வதற்கில்லை. சென்னையில் கோயம்பேடு, நெசப்பாக்கம் போன்ற நிலையங்களில் கழிவுநீரிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் தோழியின் வீட்டில் இருப்பது செப்டிக் டேங்க். கூழில் ஒரு பங்கு அதில் அடிவண்டலாகத் தங்கும். அடிக்கடி லாரி அழைக்க வேண்டிவரும். அடைப்பு ஏற்பட்டால் யாரோ ஒருவரை உள்ளே இறங்கச் சொல்லும் கொடுமை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. பாதுகாப்பின்றி அப்படி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தும், விஷவாயு தாக்கி மாண்டவர் செய்தி நின்றபாடில்லை. நம் வசதிக்காக இன்னொரு வீட்டுத் தந்தையின் உயிரைப் பணயம் வைப்பதா என்று எங்களுள் ஒருத்தி கேட்டதும் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

நியூயார்க் நகரிலேயே, பழைய சாக்கடைகள் தாங்கமாட்டா என்று அஞ்சி, பெரும்பகுதியில் 1997 வரை இவ்வியந்திரத்துக்குத் தடை இருந்தது. மேலும் இது ஓடும் நேரமெல்லாம் குழாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். 2019 கோடையில் அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததையும், குடத்துடன் லாரிக்குக் காத்திருந்ததையும் நாம் மறக்கவில்லையே!

முன்பு வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருந்தது. காய்கறித் தோலும் அரிசி கழுவிய நீரும் மாட்டுக்குப் போயின, எஞ்சியது எருக்குழிக்கு. இப்போது மாடுமில்லை, குழிக்கு இடமுமில்லை என்று பாட்டி அங்கலாய்த்தார். அதற்குத்தான் மண்பானை முறை இருக்கிறது. பெங்களூரில் 2006-இல் தொடங்கிய ‘டெய்லி டம்ப்’ அடுக்குப் பானைகளைப் பரப்பியது. சாதாரணப் பானையில் காற்றுத் துளையிட்டாலும் போதும். அன்றைய தோல், தண்டுகளைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, மேலே ஒரு பிடி காய்ந்த சருகோ தென்னை நார்த்தூளோ தூவி மூடவேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். இடையிடையே ஒரு கரண்டி புளித்த மோர் தெளிக்கலாம். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள்; சருகைக் கூட்டினால் அடங்கும். எலும்பும் எண்ணெய்ப் பண்டமும் போட்டால் எலி வரும். அவற்றை மட்டும் குப்பை வண்டிக்குத் தனியே கொடுக்கலாம். சுமார் இரண்டு மாதத்தில் கறுத்த எரு கிடைக்கும்.

மாமாவிடம் தோழி இயந்திரத்துக்குப் பதிலாக நல்ல பேனாக்கள் கேட்டிருக்கிறாள். பாட்டி பூவிருந்தவல்லிச் சந்தையில் பேரம் பேசி இரண்டு பானை வாங்கினார். முதற்பானை எரு மாடியிலுள்ள கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போயிற்று. இரண்டாவது இன்னும் பாதிதான் நிறைந்திருக்கிறது.