பாவு, ஊடை... மூணாவது திசை எது? செங்குத்து ஓரலகு வெக்டரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பிளஸ் 1 கணிதத்தில் ‘வெக்டர் இயற்கணிதம்’ பாடத்தில் தவறாமல் வரும் கணக்கு இது. இரண்டு வெக்டர்களைக் கொடுத்து, இரண்டுக்கும் செங்குத்தான ஓரலகு வெக்டரைக் கேட்பார்கள். சூத்திரம் தெரிந்தால் விடை வந்துவிடும். ஆனால், கண்டுபிடித்தது என்ன? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறியை மனதில் கொண்டுவந்தால் ஈஸியாகப் பிடிபடும்.

தறிக்கும் வெக்டருக்கும் என்ன சம்பந்தம்?

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நாடா இடமும் வலமும் ஓடிக் குறுக்கே போடும் இழை ஊடை. கேள்வியில் வரும் இரண்டு வெக்டர்கள் இவைதான். இரண்டும் சேர்ந்தால் ஒரு தளம், அதாவது துணி. அதில் ஓர் ஊசியை நேராகக் குத்தி நிறுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது பாவுக்கும் செங்குத்து, ஊடைக்கும் செங்குத்து. நாம் தேடுவது அந்த ஊசியின் திசையை.

கணக்கு எப்படிப் போடுவது?

முதல் வெக்டர் (1, 2, 0), இரண்டாவது (0, 2, 1) என்று வைத்துக்கொள்வோம். முதலில் குறுக்குப் பெருக்கல்:

முதல் எண்: 2×1 − 0×2 = 2
இரண்டாவது எண்: 0×0 − 1×1 = −1
மூன்றாவது எண்: 1×2 − 2×0 = 2

கிடைத்தது (2, −1, 2). இதன் எண்ணளவு, 4+1+4 என்ற கூட்டுத்தொகையின் வர்க்கமூலம். அதாவது 3. மூன்று எண்களையும் 3-ஆல் வகுத்தால் (2/3, −1/3, 2/3). அவ்ளோதான்!

ஏன் வகுக்கணும்?

குறுக்குப் பெருக்கலின் எண்ணளவு என்பது, இரண்டு வெக்டர்களையும் பக்கங்களாகக் கொண்ட இணைகரத்தின் பரப்பு. சதுரத் துணி ஒன்றை மேசையில் வைத்து மூலைவாட்டில் இழுத்தால், அது சாய்சதுரமாகிப் பரப்பு குறையும். ஆனால், ஊசி நிற்கும் திசை மாறாது. நமக்குத் திசை மட்டும் போதும். அதனால்தான் எண்ணளவால் வகுத்து, நீளத்தை 1 ஆக்குகிறோம்.

பாவும் ஊடையும் ஒரே திசையில் ஓடினால்? துணியே கிடையாது. பரப்பு 0, எனவே வகுக்கவும் முடியாது. இணையான வெக்டர்களுக்கு இந்த முறை கைகொடுக்காததன் காரணம் இதுதான்.

மார்க் போகும் இடம்

புடவைக்கு முன்பக்கமும் உண்டு, பின்பக்கமும் உண்டு. ஊசி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் அது செங்குத்துதான். ஆகவே (−2/3, 1/3, −2/3) என்பதும் சரியான விடை. விடைக்கு முன்னால் ± போட மறந்தால், பாதி விடையைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

எங்கே பயன்படுகிறது?

இன்றைய வெக்டர் முறையை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் கிப்ஸும் இங்கிலாந்தின் ஹெவிசைடும் தனித்தனியாக உருவாக்கினார்கள். இப்போது 3டி அனிமேஷனில் ஒரு பரப்பின் மீது வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்று கணக்கிட, இந்தச் செங்குத்து வெக்டர்தான் அடிப்படை. அங்கே ± என்று விட முடியாது. பக்கம் மாறினால், மின்ன வேண்டிய பட்டு இருட்டாகத் தெரியும்.

விடை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கிடைத்த வெக்டரைக் கொடுத்த இரண்டோடும் புள்ளிப் பெருக்கல் செய்யுங்கள். (2, −1, 2)-ஐ முதல் வெக்டரோடு பெருக்கினால் 2−2+0 = 0. இரண்டாவதோடு 0−2+2 = 0. இரண்டு இடத்திலும் 0 வந்தால் விடை சரி. தேர்வறையில் இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.