நீல ஒளியும் நித்திரையும்

இரவைப் பகலாக்கிவிட்டோம் என்று பெருமை பேசும் நாம், அதற்கு உடல் செலுத்தும் விலையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆசிரியனாகிய எனக்கு, முதற் பாடவேளையிலேயே கண் செருகி அமர்ந்திருக்கும் மாணவரைக் காணும்போதெல்லாம், முன்னிரவில் அவர்கள் எந்த வெளிச்சத்தின் கீழ் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகின்றது.

கண் என்பது காட்சிக்கு மாத்திரம் உரிய பொறியன்று. விழித்திரையிலே உருவத்தை உணரும் கலங்களோடு, பொழுதை அளந்து மூளைக்கு உரைக்கும் வேறு சில கலங்களும் உள. அவற்றிலுள்ள மெலனொப்சின் என்னும் பொருளை இக்னேசியோ புரொவென்சியோவும் அவர்தம் சகாக்களும் 1998இல் முதன்முதல் கண்டது தவளையின் தோலிலே என்பது வேடிக்கையான செய்தி! 2002இல் டேவிட் பேர்சன் குழுவினர், இக்கலங்கள் தாமாகவே ஒளியை உணர்வதை மெய்ப்பித்தனர். 480 நனோமீற்றரை அண்டிய நீல ஒளியே இவற்றை மிகுதியாகத் தூண்டுவது. அவ்வொளி பட்டதும், பொழுது இன்னும் சாயவில்லை என்று மூளை கொள்கின்றது, இருளிலே சுரக்கவேண்டிய மெலற்றோனின் தடைப்படுகின்றது, நித்திரை தள்ளிப்போகின்றது.

இன்று நம் வீடுகளில் ஒளிரும் எல்.ஈ.டி. குமிழ்களிற் பெரும்பாலானவை, நீல ஒளியின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு இட்டு வெண்மை செய்யப்பட்டவை. கைத்தொலைபேசித் திரையும் நீல ஒளியை உமிழ்வதே. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே, படுக்குமுன் நான்கு மணி நேரம் மின்திரையில் நூல் வாசித்த பன்னிருவர், அச்சு நூல் வாசித்த இரவுகளைவிட ஏறத்தாழ 10 நிமிடம் பிந்தியே உறங்கினர். பத்து நிமிடந்தானே என்பர் சிலர். ஆனால் அவர்களது உடற் கடிகாரமோ ஒன்றரை மணி நேரம் பின்தள்ளப்பட்டிருந்தது. மறுநாட் காலையில் விழிப்பும் மந்தமாயிற்று.

1990களின் முற்பகுதியில், மின்சாரமற்ற யாழ்ப்பாணத்திலே ஜாம் போத்தல் விளக்கில் மாணவர் படித்தனர். அச்சுடரில் நீலம் மிகக் குறைவு. அதற்காக அந்தப் புகையையும் அந்த நாட்களையும் எவரும் பாக்கியம் என்று சொல்லார்.

நீலத்தைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடிகளை வாங்கச் சொல்லி விளம்பரங்கள் வருகின்றன. அவை நித்திரைக்கு உதவும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் இல்லை. அப்பணத்திற்கு ஒரு மஞ்சட் குமிழ் வாங்கலாம். பெட்டியிலே 6500 கெல்வின் என்றிருப்பதைத் தவிர்த்து, 2700 என்றிருப்பதைத் தேர்க. படிப்பும் படுக்கையும் ஒரே அறையில் நிகழும் வீடுகளே நம்மிடையே பல. அங்கே இரவு எட்டு மணிக்கு மேல் கூரைவிளக்கை அணைத்துவிட்டு, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையில் மாத்திரம் அந்த மஞ்சள் விளக்கைத் தாழ வைத்தால், புத்தகத்துக்கு வெளிச்சம் போதும். பக்கத்தில் உறங்கும் தம்பியின் கண்ணிலும் அது படாது.