கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் ஏன் போகவில்லை?

அடிவயிற்றில் வலி, நிமிடத்துக்கு நிமிடம் கழிவறைக்கு ஓட்டம் என்றால் நம் வீடுகளில் உடனே சொல்லிவிடுவார்கள்: "உடம்பு சூடு." தொப்புளில் விளக்கெண்ணெய், பார்லித் தண்ணீர், எலுமிச்சை ஜூஸ். அதற்கும் அடங்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஐந்து நாள் மாத்திரை. கிருமியால் வந்த நீர்க்கடுப்பு சரியான ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும். ஆனால் ஆறு வாரம் தாண்டியும் வலி நீடிக்கிறது, சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளரவில்லை என்றால், அடுத்த கோர்ஸ் ஆன்டிபயாடிக் வாங்குவதில் அர்த்தமில்லை. நோய் வேறு.

அந்த வேறு நோய்களில் ஒன்று 'இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ்'. சிறுநீர்ப்பை நிரம்ப நிரம்ப வலி ஏறும். கழித்தால் சற்றுத் தணியும். கிருமித் தொற்றில் பெரும்பாலும் கழிக்கும்போதுதான் எரியும். பெண்களுக்கே இது அதிகம். ஆண்களுக்கு வந்தால் 'புராஸ்டேட் வீக்கம்' என்று முத்திரை குத்தப்படுவதும் உண்டு. இதற்கு ஒற்றைக் காரணம் இன்னும் பிடிபடவில்லை. பையின் உட்பூச்சு சேதமடைந்து சிறுநீரின் உப்புகள் உள்ளே கசிவது, நரம்புகள் மிகையாகத் துடிப்பது, இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கிடப்பது எனப் பல சேர்ந்து வருகின்றன. சிலருக்குப் பையின் உட்சுவரில் புண்ணே இருக்கும். அமெரிக்க மருத்துவர் கை ஹன்னர் 1915-லேயே அதைப் பற்றி எழுதினார். உள்நோக்கிக் கருவி விட்டுப் பார்த்து அந்தப் புண்ணைச் சுட்டுவிட்டால் பலருக்கு நல்ல நிவாரணம். இருந்தும், ஸ்கேன் சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் "எல்லாம் மனசுதான்" என்று பெண்களைத் திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது. அது அநியாயம்.

காபி, மிளகாய், தக்காளி, எலுமிச்சை ஆகியவை சிலருக்கு வலியைக் கிளப்பும். சூட்டைத் தணிக்கக் குடிக்கும் எலுமிச்சை ஜூஸே வினையாகலாம்! யூடியூப் பார்த்து இடுப்புத் தசையை இறுக்கும் கீகல் பயிற்சியும் செய்ய வேண்டாம்; இந்த நோயில் அந்தத் தசைகளைத் தளர்த்தத்தான் வேண்டும்.

நம் நாட்டில் மறக்கவே கூடாத இன்னொரு காரணம் காசநோய். அது நுரையீரலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் வரும். சிறுநீரில் சீழ் அணுக்கள் தெரியும், சாதாரண கல்ச்சரில் எதுவும் வளராது. இந்த முரண்பாடு ரிப்போர்ட்டில் இருந்தால் காலைச் சிறுநீரைக் காசநோய்க்கெனத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாமதித்தால் பை சுருங்கிவிடும், சிறுநீரகமே கெட்டுப்போகலாம். சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

சிறுநீர்ப்பைக் கல், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), இடுப்புப் பகுதிக்குக் கொடுத்த கதிர்வீச்சு, போதைக்காக எடுக்கும் கெட்டமின் ஆகியவையும் காரணமாகலாம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், அதிலும் புகைபிடிப்பவர் என்றால், புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் விடக்கூடாது. வலியோடு குளிர்காய்ச்சலோ முதுகு வலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

உரிமை விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள் மருந்து விதிகளின் 'எச்1' பட்டியலில் உள்ளவை. மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. விற்பனையைப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். உங்கள் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள். தொழிற்சாலைகளில் பெண்களுக்குத் தனிக் கழிவறை என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. "இப்பதானே போயிட்டு வந்தே?" என்று கேட்கும் சூப்பர்வைசருக்கும் இது தெரியட்டும்.

எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, வலி எப்போது ஏறியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டையும் பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு சிறுநீரகவியல் அறுவை நிபுணரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அவர் இல்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.