பெயர் மறைத்த கோப்பைகள்
(நாவும் நாகரிகமும் – 9)

விருந்தினராகச் சென்ற வீட்டில், டபராவும் தம்ளருமாக, நுரை ததும்ப நீட்டப்படும் காப்பியைக் குறித்து உள்ளது உள்ளபடி அபிப்பிராயம் சொல்லும் சுதந்திரம் நம் நாட்டில் எவருக்கும் என்றும் இருந்ததில்லை. டிகாக்ஷன் தண்ணீராய் ஓடியிருக்கலாம். சிக்கரி தலைக்குமேல் ஏறி நின்றிருக்கலாம். பால் அடிப்பிடித்துக் காந்தல் வாடை வீசலாம். ஆயினும் முதல் மடக்கு தொண்டையில் இறங்குவதற்கு முன்பே ‘அமிர்தம்’ என்று சொல்லிவிடுவதுதான் மரியாதை. இந்த மரியாதையை நான் குறை கூறவில்லை. அது இல்லாவிடில் பல குடும்பங்களில் சம்பந்திகள் இரண்டாம் முறை சந்தித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் ருசியைப் பரீட்சை செய்வதற்காகவே எட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடும் சபை ஒன்றை ஏற்படுத்த விரும்புகிறவன் முதன்முதலில் வெல்ல வேண்டிய சத்துரு இந்த உபசாரமே.

அயனம்பாக்கத்தில் அத்தகைய சபை ஒன்றைக் கூட்டுவது எங்ஙனம் என்று இங்குள்ள அன்பர்கள் சிலர் கேட்டமையால், இதுவரை சொல்லிவந்த கடைத்தெருச் சரித்திரத்தைச் சற்றே நிறுத்திவிட்டு, இந்த வாரம் அந்த ஏற்பாட்டைப் பற்றியே எழுதுகிறேன். அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவே, ஒரு பெரிய ஏரியை அணைத்துக்கொண்டு, நேற்றுவரை வயலாக இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழும்பி நிற்கும் இந்த ஊர், அப்படியொரு சபைக்கு மிகவும் பொருத்தமானது; ஏனெனில் தஞ்சாவூர்க்காரரும் நெல்லைக்காரரும் கோவைக்காரரும் மலையாளிகளும் ஆந்திரரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் இடம் இது; அவரவர் வீட்டுக் காப்பியே காப்பி என்ற வைராக்கியத்தையும் அவரவர் மூட்டையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். அருகிலேயே 1964-ல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே முதல் ஷிப்டுக்குப் போகிறவனுக்குக் காப்பியைப் பற்றிய இந்த வைராக்கியம் எதுவும் இல்லை. பாய்லர் பக்கத்தில் நின்று குடிக்கும் டஸ்ட் டீதான் அவனுடைய காலைச் சம்பிரதாயம்.

‘காப்பி கிளப்’ என்ற பெயர் நமக்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நம் ஊர்ச் சிற்றுண்டிச் சாலைகளுக்கே அது பெயராக இருந்தது. அவற்றுள் பலவற்றில் பிராமணருக்குத் தனி இடமும் மற்றவருக்கு வேறு இடமும் ஒதுக்கப்பட்டிருந்தன. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இந்த வேற்றுமை 1941 வரை நீடித்தது. காப்பி மத்தியதர வர்க்கத்தின் அந்தஸ்துக்கு அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்து நின்ற கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆகவே காப்பியையும் தேநீரையும் ஒரே மேசைமேல் சமமாக வைத்துப் பரீட்சிக்கும் சபை, தன்னையறியாமலே ஒரு பழைய கணக்கையும் தீர்க்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே நாளில் வைக்கக்கூடாது என்பது வேறு விஷயம். காப்பியின் கசப்பு படிந்த நாக்கில் நீலகிரித் தேயிலையின் மெல்லிய நறுமணம் ஏறாது.

இதற்கு முன்மாதிரி எங்கே என்று கேட்டால், வெகு தூரம் போக வேண்டியதில்லை. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவருகிறது. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்கையும் தரகர்களின் சுவைத்தேர்வாளர்கள் முன்கூட்டியே ருசித்து மதிப்பிடுகிறார்கள். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் அருகிலும் உலர்ந்த தேயிலையும், வெந்நீரில் ஊறி விரிந்த இலையும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கும். தேர்வாளர் கரண்டியால் சாற்றை எடுத்து, காற்றும் சேர்ந்து உள்ளே போகும்படி பலத்த ஓசையோடு உறிஞ்சி, ஒரு கணம் வாயில் நிறுத்தி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துவிடுவார். இதை நான் விவரித்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், “தம்பி, இப்படி உறிஞ்சினதுக்குத்தான் சின்ன வயசுல எங்க அப்பாகிட்ட அடி வாங்கினேன், அதுக்கு இப்போ சம்பளம் கொடுக்கிறாங்களா?” என்று கேட்டார். கொடுக்கிறார்கள், ஏனெனில் ருசி என்பது பெரும்பாலும் மூக்கின் காரியம், சாறு திவலையாகி அண்ணத்தின் பின்புறம் ஏறினால் அதன் வாசனை மூக்கை நன்றாக எட்டும்.

தேயிலையைப் பரீட்சைக்குத் தயாரிக்கும் முறைக்குச் சர்வதேச விதி ஒன்றும் இருக்கிறது: 1980-ல் வெளியான அந்த விதியின்படி 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறும் நேரம் 6 நிமிஷம். இதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு, தேநீர் போடுவதற்கு ஆறு பக்க விதிமுறையா என்ற பரிகாசத்தோடு 1999-ல் ‘இக் நோபல்’ பரிசு வழங்கினார்கள். பரிகாசம் செய்தவர்கள் ஒன்றை மறந்தார்கள். அந்த ஆறு பக்கங்கள் நல்ல தேநீர் போடக் கற்பிப்பவை அல்ல, எல்லாத் தேயிலைக்கும் ஒரே நியாயம் வழங்குபவை. ஆறு நிமிஷம் ஊறிய சாறு கடுத்துத்தான் இருக்கும். குறையுள்ள சரக்கு தன் குறையை மறைத்துக்கொள்ள முடியாதபடி செய்வதே அந்தக் கடுப்பின் உத்தேசம்.

காப்பிக்கும் இதைப் போன்ற முறை உண்டு. நம் பில்டரில் இறக்கும் டிகாக்ஷன், பொடியை எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறுவதால், பரீட்சைக்கு அது உதவாது. 150 மில்லிலிட்டர் தண்ணீருக்கு எட்டே கால் கிராம் என்ற விகிதத்தில் கொரகொரப்பாக அரைத்த பொடியைக் கிண்ணத்தில் இட்டு முகர்ந்து, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, 4 நிமிஷம் கழித்து மேலே கட்டி நிற்கும் ஏட்டைக் கரண்டியால் விலக்கி, அப்போது எழும் ஆவியை முகர்ந்து, சற்று ஆறியபின் ருசிக்க வேண்டும். ஆற ஆறத் திரும்பத் திரும்ப ருசிக்க வேண்டும் என்பதுதான் நம்மவர்க்குக் கஷ்டமான பகுதி. கை பொறுக்காத சூட்டில் குடித்துப் பழகிய நாம், ஆறிய காப்பியைச் சிங்க்கில் கொட்டிவிடும் ஜாதி. ஆனால் சூடு இருக்கும்வரை எல்லாக் காப்பியும் யோக்கியமாகவே தோன்றும். அதன் உண்மையான குணம் வெளிப்படுவது ஆறும்போதுதான்.

இந்த இடத்தில் மேல்நாட்டு முறையை அப்படியே ஏற்க முடியாத விக்கினம் ஒன்று வருகிறது. ஒரே கிண்ணத்தில் பலர் கரண்டியிட்டு ருசிப்பதும், இடையிடையே கரண்டியை வெந்நீரில் அலசிக்கொள்வதும் அங்கே நெடுங்காலம் வழக்கமாயிருந்தன. தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நாட்டில் எச்சில் என்ற ஒன்றை அலசலால் சமாதானப்படுத்திவிட முடியுமா? கொரோனா நோய்க்காலத்தில் அவர்களே தங்கள் முறையைத் திருத்திக்கொண்டார்கள். கிண்ணத்துக்கு ஒரு பொதுக் கரண்டி. அதிலிருந்து அவரவர் தம் சொந்தச் சிறு தம்ளரில் ஊற்றிக்கொள்வது. வாயில் படும் பாத்திரம் கிண்ணத்தை ஒருபோதும் தொடாதிருப்பது: இவ்வளவு செய்தால் எங்கள் மாடியிலுள்ள ஆசாரசீலர்களும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

இனி, பெயரை மறைக்கும் காரியம். பொட்டலத்தின்மேல் இருக்கும் பெயரைக் கண் படித்த மாத்திரத்தில் நாக்கு தன் சுயபுத்தியை இழந்துவிடுகிறது. முப்பது வருஷமாக வாங்கிய கடையின் பொடியை அது எங்கே இருந்தாலும் தாயைக் கண்ட கன்றுபோல் நாடும். ஆகையால் ஒருவர் பொடிகளை நிறுத்துக் கிண்ணங்களில் இட்டு, அடியில் மூன்றிலக்க எண் எழுதி, குறிப்பை மடித்து வைத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். வெந்நீர் ஊற்றிப் பரிமாறுபவர் வேறொருவராக இருக்க வேண்டும். அவருக்கும் எது எதுவென்று தெரியக்கூடாது. தெரிந்தால், அவர் முகமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று, இரண்டு என்றோ, ‘ஏ’, ‘பி’ என்றோ எண்ணிட்டால் முதலாவதே உசத்தி என்ற எண்ணம் மனத்தில் எழும். அதற்காகவே இந்தத் துறையில் 417, 862 என்பன போன்ற தொடர்பற்ற எண்களை இடுகிறார்கள்.

இத்தகைய பரீட்சைக்குப் புகழ்பெற்ற உதாரணமும் ஒரு கோப்பைத் தேநீர்தான். 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார், பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்லிவிட முடியும் என்றாராம். அருகிலிருந்த புள்ளியியல் அறிஞர் ரொனால்டு பிஷர் அதை வாதத்தால் மறுக்காமல் பரீட்சைக்கு வழி தேடினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை தற்செயலானது. எட்டிலிருந்து நான்கைப் பொறுக்க 70 வழிகள் உண்டாதலால், வெறும் அதிர்ஷ்டத்தால் முற்றும் சரியாகச் சொல்வதற்கு எழுபதில் ஒரு வாய்ப்பே உண்டு. 1935-ல் பிஷர் எழுதிய பரிசோதனை அமைப்பு பற்றிய நூலில் இந்தத் தேநீர்க் கதை ஒரு முழு அத்தியாயத்துக்கு ஆதாரமாயிற்று. அம்மையார் எட்டையும் சரியாகச் சொன்னதாகப் பின்னர் ஒருவர் தெரிவித்திருக்கிறார்.

‘ஒரு சிட்டிகை சிக்கரி இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்’ என்று மார்தட்டும் அன்பர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருக்கிறார். அவரோடு தர்க்கம் செய்ய வேண்டாம். எட்டுத் தம்ளர்களை அவர் முன் வையுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி காப்பி-சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதத்தை மீறலாகாது. கலவையின் விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கவும் வேண்டும். கலப்பில்லாத பொடியோடு பத்து, இருபது, முப்பது சதவீதம் கலந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த அளவில் தம் நாக்கு விழித்துக்கொள்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளலாம். சிக்கரியைத் தீண்டாதவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களில் பலர் அந்தரங்கத்தில் அதன் அடர்ந்த நிறத்துக்கும் கனத்துக்கும் அடிமைகள் என்பது என் சந்தேகம்.

பால் சேர்ப்பதா வேண்டாமா என்ற வியாஜ்ஜியம் எழாமல் இராது. முதல் சுற்று பால் இல்லாமலே நடக்கட்டும். இரண்டாம் சுற்றில், பாலோடுதான் குடிக்கப்போகிறோம் என்ற உண்மையை ஏற்று, எல்லாவற்றுக்கும் ஒரே பாக்கெட்டிலிருந்து ஒரே அளவு சேர்க்கட்டும். ஆவினின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் நாலரை, ஆரஞ்சில் 6. ஆரஞ்சு ஊற்றிய காப்பியில் எது பீபரி எது ரோபஸ்டா என்று சொல்வதற்குத் தெய்வாம்சம் வேண்டும். அன்று அந்த அறையில் ஊதுவத்தி கூடாது, ஜவ்வாது கூடாது, தலையில் மல்லிகை கூடாது. இந்த மூன்றாவது விதியைப் பெண்களிடம் யார் அறிவிப்பது என்பதை நிர்வாகிகள் தீர்மானித்துக்கொள்ளட்டும். பெண்கள் அடுப்படியிலிருந்து வந்து மேசையில் அமர வேண்டும் என்பதும், பாத்திரம் கழுவும் பொறுப்பு ஆண்களைச் சேர வேண்டும் என்பதும் என் சொந்தப் பரிந்துரைகள். நம் வீடுகளில் காப்பி போடுகிறவர் ஒருவர், தீர்ப்புச் சொல்லுகிறவர் வேறொருவர். காப்பி வாரியத்தின் தர நிர்ணயப் பிரிவுக்குத் தலைமை வகித்து, பின்னர் பெங்களூரில் தாமே பரிசோதனைக்கூடம் நிறுவிய சுனாலினி மேனன் போன்றவர்கள் தோன்றிய நாட்டில் இந்த ஏற்பாடு இன்னும் நீடிப்பது அழகல்ல.

ருசிக்கும்போது மௌனம் அவசியம். ஒருவர் ‘ஆஹா’ என்றால் மற்ற ஏழு நாக்குகளும் அவர் பின்னால் போய்விடும். எழுதும் தாளில் இன்னது தெரிகிறது என்பது ஒரு பத்தியாகவும், எனக்குப் பிடிக்கிறது பிடிக்கவில்லை என்பது வேறு பத்தியாகவும் இருக்கட்டும். சிறப்புக் காப்பிச் சங்கத்தார், நூறு மதிப்பெண்ணுக்கு எண்பது பெற்றால் உயர்தரம் என்று வெகுகாலம் தீர்ப்பளித்துவந்தபின், 2023-ல் வெளியிட்ட புதிய மதிப்பீட்டு முறையில் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய சுவைச் சக்கரத்தில் நாம் கண்ணால் கண்டிராத பெர்ரிப் பழங்கள் நிறைய வரும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாவற்பழத்தின் துவர்ப்பு, வறுத்த மல்லி, கருப்பட்டிப் பாகு, நனைந்த சாக்கு என்று நம் மூக்கு அறிந்தவற்றையே எழுதலாம்.

சரக்குக்கும் அதிகச் செலவில்லை. ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் விளையும் அராபிகா, கர்நாடகத்து ரோபஸ்டா, நீலகிரியின் முழு இலைத் தேயிலை, இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழர்களின் மறுவாழ்வுக்காகத் தோன்றிய அரசுத் தேயிலைக் கழகத்தின் பொட்டலம், தொழிற்பேட்டை டீக்கடைகளில் ஓடும் டஸ்ட் ஆகியவற்றில் நூறு நூறு கிராம் வாங்கினால் எட்டுப் பேருக்குப் பல வாரங்களுக்குப் போதும். காப்பியைக் கொட்டையாக வாங்கி அன்றன்றே அரைத்துக்கொள்வது உத்தமம்.

ஆனால் முதல் கூட்டத்துக்கு இவற்றில் பலவும் வேண்டாம் என்பேன்; தண்ணீரே போதும். அருந்தும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. காப்பிப் பரீட்சைக்கோ ஏறத்தாழ 150 இருப்பதே உசிதம் என்கிறார்கள். கடினநீரிலுள்ள பைகார்பனேட் காப்பியின் இனிய புளிப்பை அடக்கி மட்டமாக்கிவிடும். தேநீரின்மேல் எண்ணெய்ப் படலம்போல் ஆடை படிவதற்கும் அதுவும் சுண்ணாம்புச் சத்துமே காரணம். இந்தப் பக்கத்து வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர், ஆர்.ஓ. இயந்திரத்து நீர், கேன் நீர் என்று மூன்று விதமும் புழங்குகின்றன. ஒரே பொடி, ஒரே எடை, மூன்று தண்ணீர், மூன்று எண்கள். எது எந்தத் தண்ணீர் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை மூன்றிலும் வைத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் கிடைத்த குறிப்புகளை எனக்கு அனுப்பினால், அடுத்த வாரம் தண்ணீரைப் பற்றியே எழுதுகிறேன்.