தூசி வடிகட்டிக்கும் மழைக்காலம் உண்டு

மழை பெய்தால் தூசி அடங்கிவிடும் என்பது நம் அனைவருக்கும் பழக்கமான அனுபவம். தெருவுக்கு இது பொருந்தும். தொழிற்சாலையில் நிற்கும் தூசி அகற்றும் இயந்திரத்துக்கு இது பொருந்தாது. கோடையில் குறையின்றி இயங்கிய அதே இயந்திரம் மழைக்காலத்தில் திணறுவதை, ஆலைப் பராமரிப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில் பல இடங்களில் கண்டிருக்கிறேன். இதை வெறும் இயந்திரக் கோளாறாகக் கருதிக் கடந்துவிட இயலாது. தொழிலாளியின் உயிரும், ஆலையைச் சுற்றி வாழ்வோரின் மூச்சும் இதில் அடங்கியிருக்கின்றன.

சிமென்ட், மாவு, மரம், உலோகம் எனத் தூசி எழும் தொழில்களில் பெரிதும் பயன்படுவது 'பேக் ஃபில்டர்' எனப்படும் பை வடிகட்டி. இரும்புத் தகட்டாலான பெரிய கூட்டுக்குள் நீண்ட துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும். விசிறி இழுக்கும் தூசிக் காற்று பைகளின் வழியே செல்லும்போது, துகள்கள் வெளிப்புறத்தில் படிய, தூய காற்று மட்டும் வெளியேறும். குறிப்பிட்ட இடைவெளியில் அழுத்தக் காற்று பைக்குள் பாய்ந்து அதை உதறும். உதிரும் தூசி, அடியிலுள்ள 'ஹாப்பர்' என்னும் கூம்புத் தொட்டியில் விழும்.

இங்கே வடிகட்டும் வேலையைத் துணி மட்டும் செய்வதில்லை. துணியின் மேல் படியும் மெல்லிய தூசிப் படலமே மிக நுண்ணிய துகள்களைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் படலம் உலர்ந்ததாகவும், உதறினால் உதிரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையின் மீதுதான் இயந்திரம் முழுவதும் நிற்கிறது. ஈரம் குலைப்பதும் இதைத்தான்.

குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை அனைவரும் கண்டிருப்போம். வடிகட்டியின் உள்ளே நிகழ்வதும் அதுவே. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்ட காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அந்தக் காற்று ஏறத்தாழ 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர்த்துளி தோன்றத் தொடங்கும். இந்த வெப்பநிலையைத்தான் பனிநிலை என்கிறோம். ஈரமான மூலப்பொருளை உலர்த்தும் கருவியிலிருந்து வரும் காற்றில் நீராவி இன்னும் மிகுதி. அதன் பனிநிலை 50 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. வெளியே மழையில் நனைந்து குளிர்ந்து நிற்கும் இரும்புச் சுவரின் உட்புறத்தை அந்தக் காற்று தொட்டால், சுவர் வியர்க்காமல் என்ன செய்யும்?

நீர் பட்ட தூசி சேறாகிறது. சிமென்ட் தூசியாக இருந்தால் இறுகிக் கல்லாகிறது. பையின் நுண்துளைகள் அடைபடுகின்றன. பையின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானி, வழக்கமாக 100 முதல் 150 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவில் நிற்க வேண்டியது, மேலே ஏறிக்கொண்டே போகிறது. விசிறியால் காற்றை இழுக்க முடிவதில்லை. பிடிக்கப்பட வேண்டிய தூசி, அரவை இடத்திலும் பொதி கட்டும் இடத்திலும் பரவித் தொழிலாளியின் நுரையீரலை அடைகிறது. உற்பத்தி நிற்கக் கூடாது என்பதற்காக வடிகட்டியைத் தவிர்த்து, 'பைபாஸ்' குழாய் வழியே தூசியை நேராக வெளியே விடும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. மழையிருட்டில் அந்தப் புகை எளிதில் கண்ணில் படுவதில்லை என்பது ஆலைக்கு வசதி, ஊருக்குக் கேடு.

ஹாப்பரில் இறுகிய தூசியைத் தட்டி எடுக்க ஆளை உள்ளே இறக்குவது இன்னொரு கொடுமை. மேலே ஒட்டி நிற்கும் தூசிப் பாளம் சரிந்தால், உள்ளே நிற்பவர் புதைந்துபோவார். பெரும்பாலும் அந்த வேலைக்கு அனுப்பப்படுபவர் ஒப்பந்தத் தொழிலாளியே.

சிமென்ட் தூசி இறுகுவதோடு நின்றுவிடும். அலுமினியத் தூசி அப்படியல்ல. நீர் நெருப்பை அணைக்கும் என்ற நமது பொது அறிவு இங்கே தலைகீழாகிறது. நுண்ணிய அலுமினியத் துகள் ஈரத்துடன் வினைபுரிந்து வெப்பத்தையும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும்.

சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள குன்ஷான் நகரில், 2014 ஆகஸ்ட் 2 அன்று காலை 7.34 மணிக்கு, வாகனச் சக்கரங்களை மெருகேற்றும் தொழிற்கூடம் ஒன்று வெடித்துச் சிதறியது. அன்றே 75 பேர் உயிரிழந்தனர். தீக்காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து உயிரிழப்பு 146 ஆனது. தூசி சேகரிக்கும் பீப்பாய் ஒன்றின் அடிப்பகுதி துருப்பிடித்துச் சேதமடைந்திருந்ததையும், உள்ளே இருந்த அலுமினியத் தூசி ஈரமாகி வெப்பம் உமிழ்ந்து தீப்பற்றும் நிலையை எட்டியதையும் அரசு விசாரணை கண்டறிந்தது. அதற்கு முன் அங்கு மழை பெய்திருந்தது. தூசி உரிய நேரத்தில் அகற்றப்படவில்லை; வெடிப்பின் அழுத்தத்தை வெளியேற்றும் திறப்பும் அந்தச் சேகரிப்புக் கருவியில் இல்லை. தொழிலாளரைக் காக்க வைத்த கருவியே அவர்களின் உயிரைப் பறித்தது.

குன்ஷான் நமக்குத் தொலைவில் இல்லை. அலுமினிய வார்ப்பும் மெருகேற்றலும் நடைபெறும் தொழிற்கூடங்கள் சென்னைப் புறநகரிலும் ஒசூரிலும் கோவையிலும் இருக்கின்றன. அரியலூர் வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகள் நிறைந்திருக்கின்றன. தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெறுகிறது. எப்போது வரும் என்று தெரிந்த மழைக்கு ஆயத்தமாகாமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

இதற்கான வழிகள் அரிதானவை அல்ல. முதலாவது, வடிகட்டிக்குள் வரும் காற்றின் வெப்பத்தைப் பனிநிலையைவிடக் குறைந்தது 15 முதல் 20 டிகிரி கூடுதலாக வைத்திருப்பது. கூடு, குழாய், ஹாப்பர் ஆகியவற்றுக்கு வெப்பக்காப்பு உறை போடுவதும், ஹாப்பரில் சூடேற்றி பொருத்துவதும் இதற்கு உதவும். சூடான காற்று வரும் ஆலைகளில், தூசிக் காற்றை அனுப்பும் முன் வெறும் சூடான காற்றால் கூட்டை வெதுவெதுப்பாக்க வேண்டும். உற்பத்தி நின்ற பின்னும் விசிறியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால், உள்ளே தங்கிய ஈரக்காற்று வெளியேறிவிடும். விசிறியையும் உற்பத்தியையும் ஒரே நொடியில் நிறுத்துவதே பல ஆலைகளில் பைகள் பாழாவதற்கான தொடக்கம்.

இரண்டாவது, அழுத்தக் காற்று. பையை உதறும் இந்தக் காற்றே ஈரத்தைச் சுமந்து வருகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னர்ச் சொன்ன ஈரக்காற்றை ஏழு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு அழுத்தி, மீண்டும் குளிரவைத்தால், அதிலுள்ள நீராவியில் முக்கால் பங்குக்கு மேல் நீராகப் பிரியும். 'ஏர் டிரையர்' வேலை செய்யாவிட்டால், அந்த நீரைப் பைக்குள் நாமே தெளிக்கிறோம். கம்ப்ரசர் தொட்டியின் நீரை நாள்தோறும் வடித்துவிடுவது, செலவில்லாத மருத்துவம்.

மூன்றாவது, பையின் துணி. விலை குறைந்த பாலியஸ்டர், உலர்ந்த காற்றில் 130 டிகிரி வரை தாங்கும். வெப்பமும் நீராவியும் சேர்ந்தால் அதன் இழைகள் சிதையத் தொடங்கும். அத்தகைய இடங்களுக்கு அக்ரிலிக் துணியும், ஒட்டும் தூசிக்கு நீரை ஏற்காத மேற்பூச்சுள்ள துணியும் ஏற்றவை.

நான்காவது, ஹாப்பரைச் சேமிப்புக் கிடங்காக்காமல் இருப்பது. விழும் தூசி உடனுக்குடன் வெளியேற வேண்டும். கதவின் ரப்பர் விளிம்பு, தகட்டிலுள்ள துருத்துளை ஆகியவற்றைப் பருவமழைக்கு முன்பே சோதித்து அடைக்க வேண்டும். அலுமினியத் தூசி எழும் கூடங்களில் இவற்றோடு நாள்தோறும் தூசி அகற்றலும், வெடிப்புத் திறப்பும் கட்டாயம். நீரில் தூசியைப் பிடிக்கும் ஈரவகைக் கருவியைத் தேர்ந்தெடுத்தால், ஹைட்ரஜன் தேங்காதபடி காற்றோட்டம் இருந்தாக வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தூசியிலிருந்து தொழிலாளரைக் காப்பதை 14-ஆவது பிரிவிலும், வெடிக்கக்கூடிய தூசி குறித்த முன்னெச்சரிக்கையை 37-ஆவது பிரிவிலும் அன்றே வகுத்தது. ஆகவே, குறை விதியில் இல்லை. ஆய்வாளர்கள் வெயில் காயும் நாளில் மட்டுமன்றி, அடைமழை நாளிலும் ஆலைக்குள் நுழைய வேண்டும். அழுத்த வேறுபாட்டின் அன்றாடப் பதிவைக் கேட்டுப் பார்த்தாலே வடிகட்டி இயங்கியதா, தவிர்க்கப்பட்டதா என்பது விளங்கிவிடும். பைபாஸ் கதவுக்கு முத்திரையிட்டு, அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காரணத்தை எழுதிவைக்கச் செய்யலாம்.

ஆலை உரிமையாளர்களும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெப்பக்காப்பு உறையும் ஏர் டிரையரும் செலவுதான். ஒரே மழைக்காலத்தில் பைகள் அனைத்தையும் மாற்றுவதும், ஆலையை நிறுத்துவதும் அதைவிடப் பெரிய செலவு. உயிரிழப்பை எந்தக் கணக்கிலும் எழுத இயலாது. செப்டம்பர் மாதத்தில் ஏரிக்கரையையும் வடிகாலையும் சீர்செய்வதைப் போல, ஆலைகளின் தூசி வடிகட்டிகளையும் மழைக்கு முன்பே சீர்செய்து முடிக்கும் வழக்கம் இங்கே ஏற்பட வேண்டும்.