‘வேலை’ என்று தேடினால் வேலை ஏன் வருவதில்லை?

ஏப்ரல் பிறந்தால் நிலாவெளிக் கரையில் சீசன் தொடங்கிவிடும், செப்டெம்பர் வரை ஓடும். ஹோட்டல்காரர்கள் ஆள் எடுப்பது அதற்குச் சற்று முன்னர்தான். போதாக்குறைக்கு வர்த்தமானியில் வந்த அரச பதவிகளின் முடிவுத் திகதிகளும் கிட்டி வருகின்றன. இரண்டு அவசரமும் சேர்ந்து எங்கள் கடிதப் பெட்டியை நிரப்பிவிட்டன. கேள்விகள் பலவிதமாக இருந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: எல்லாம் ஒன்லைனில் இருக்கிறது என்கிறார்களே, தேடினால் ஏன் ஒன்றும் வருவதில்லை?

மின்னஞ்சல் திறப்பது, சி.வி. அடிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில் பத்து நிமிட வேலை அது. அந்தக் கடைத் தம்பிக்கும் பெரும்பாலும் பிடிபடாத ஒரு சங்கதியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அரச வேலை என்றால் வர்த்தமானி. வெள்ளிக்கிழமை தோறும் வெளிவரும் வர்த்தமானியில் I ஆம் பகுதி, தொகுதி (IIஅ) என்று ஒன்று உண்டு. பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் அதில்தான் வரும். அரசாங்க அச்சகத் திணைக்களம் அதை மூன்று மொழியிலும் இணையத்தில் ஏற்றுகிறது. ‘மும்மொழியிலும் இணையத்தில் கிடைக்கிறது’ என்று அதிகாரிகள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் கிடப்பதற்கும் கிடைப்பதற்கும் நடுவே ஒரு எழுத்துரு நிற்கிறது.

அரச அலுவலகங்களிலிருந்து வரும் தமிழ்க் கோப்புகளில் பல இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. பாமினி என்பது உண்மையில் ஒரு வேஷம். அதற்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிடுவதுதான் அதன் வேலை. ‘வேலை’ என்ற சொல்லையே பாருங்கள். பாமினியில் அடிப்பவர் முதலில் என் என்ற விசையைத் தட்டுகிறார், இரட்டைச் சுழிக் கொம்பு விழுகிறது. அடுத்து டி, அது ‘வ’. பிறகு ஐ, அது ஐகாரக் கொம்பு. கடைசியாக வை, அது ‘ல’. கண்ணுக்கு முன்னால் திரையில் நிற்பது ‘வேலை’. கோப்பின் வயிற்றுக்குள் கிடப்பதோ என்-டி-ஐ-வை என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே-கே-பி-ஓ, கூடவே புள்ளிக்குப் பதிலாக ஒரு அரைப்புள்ளி.

வரிசையையும் கவனியுங்கள். ‘வே’ என்று வாய் சொல்லும்போது மெய்தான் முதலில் வருகிறது. பாமினியிலோ கொம்பு முந்துகிறது, ஏனென்றால் தாளில் அது இடப்பக்கம் நிற்கிறது. தட்டச்சு இயந்திரத்தின் பழக்கம் இது. இயந்திரத்துக்கு உருவம் விழுந்தால் போதும், பொருள் தேவையில்லை. யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறை இதற்கு நேர்மாறு. ‘வ’ வை முதலிலும் ஏகாரத்தைப் பின்னாலும் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் கொம்பை முன்னே நகர்த்துகிறது. உங்கள் போனில் நீங்கள் அடிக்கும் தமிழ் யூனிகோட். கூகிள் தேடுவதும் அதைத்தான். ஆகவே நீங்கள் ‘வெற்றிடம்’ என்று தேடும்போது கூகிள் நேர்மையாகத்தான் தேடுகிறது. வர்த்தமானிக் கோப்புக்குள் அந்தச் சொல் இருந்தால்தானே சிக்கும்?

யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. இலங்கையும் 2008இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மின் அரசாங்கத் திட்டங்களுக்கு ரிப்பன் வெட்டியாகிவிட்டது. எழுத்துரு மாற்றுவதற்கு ரிப்பன் தேவைப்படாததால் அதை யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

அதனால் சொல்லால் தேடாதீர்கள், திகதியால் தேடுங்கள். வாரம் ஒருமுறை அச்சகத் திணைக்களத்தின் தளத்துக்குப் போய், (IIஅ) கோப்பைத் திறந்து, முதல் பக்கத்து உள்ளடக்கத்தைக் கண்ணால் வாசிப்பதுதான் நம்பகமான வழி. இன்னொரு வழி, ஆங்கிலப் பதிப்பில் பதவியின் பெயரைத் தேடிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு தமிழ்ப் பதிப்பில் நிதானமாக வாசிப்பது. பாமினி விசைப்பலகை தெரிந்த தட்டச்சாளர் யாராவது பழக்கமென்றால், கோப்பைத் திறந்துவிட்டு என்-டி-ஐ-வை என்று உள்ளே தேடச் சொல்லிப் பாருங்கள். சில கோப்புகளில் பலிக்கும். அரச மொழிகளில் ஒன்றில் வேலை தேட ஆங்கில எழுத்தைக் குறுக்குவழியாகப் பிடிக்க வேண்டியிருப்பதை எந்த அமைச்சின் ஆண்டறிக்கையும் சாதனைப் பட்டியலில் சேர்க்காது.

அறிவித்தலின் கடைசி வரிகளையும் விட்டுவிடாதீர்கள். மூன்று மொழிப் பிரதிகளுக்கும் இடையே முரண்பாடு இருந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்ற வாசகம் பலவற்றில் இருக்கும். வயதெல்லையோ கல்வித் தகைமையோ தமிழில் விசித்திரமாகத் தெரிந்தால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒரு பந்தியை மட்டும் காட்டிவிடுங்கள்.

தனியார் வேலைக்குப் பலரும் போவது டொப்ஜொப்ஸ் தளத்துக்கு. அங்கே தடை வேறு விதம். விளம்பரங்கள் பத்திரிகையில் வருவதைப் போலவே படமாக ஏற்றப்பட்டிருக்கும். மேலே பட்டியலில் பதவியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் எழுத்தாக இருக்கும், வேலை எந்த ஊரில் என்பது பெரும்பாலும் படத்துக்குள் இருக்கும். படத்துக்குள் இருப்பதைத் தேடற்பெட்டி வாசிக்காது. நிலாவெளி ஹோட்டலொன்றின் வெற்றிடம் கொழும்புத் தலைமையகத்தின் பெயரில் கிடக்கலாம். ஆகவே ஊரின் பெயரை விட்டுவிட்டு ஹோட்டல் துறைப் பிரிவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

எழுத்தாக இருக்கும் தளங்களிலும் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. திருகோணமலை, திருமலை, ட்ரிங்கோமலி, ட்ரிங்கோ, சிங்களத்தில் திரிகுணாமலய. ஒரே துறைமுகம்தான், தேடற்பெட்டிக்கோ ஐந்து ஊர். ஐந்தையும் அடித்துப் பார்க்க வேண்டும். உப்புவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே வேலைக்கு ஆள் தேடும் விடுதிக்காரர் ‘நிலாவெளி’ என்று எழுதமாட்டார். சிறு விடுதிகள் பல எந்தத் தளத்திலும் விளம்பரம் போடுவதில்லை. தங்கள் பேஸ்புக் பக்கத்தில் ஒரு வரி எழுதுவார்கள், அல்லது வேலை செய்யும் பையனிடமே இன்னொரு பையனைக் கூட்டி வரச் சொல்வார்கள். அவர்களிடம் நேரே நடந்து போய்க் கேட்பதே மேல்.

இனி எனக்குக் கவலை தரும் விடயம். முறையான வேலை இப்படிப் படத்துக்குள்ளும் பழைய எழுத்துருவுக்குள்ளும் ஒளிந்து கிடக்கிறது. தேடாமலே, நல்ல தெளிவான யூனிகோட் தமிழில், உங்கள் வாட்ஸ்அப்புக்கே வந்து சேருவது எது? டுபாயில் கணினி வேலை, தாய்லாந்தில் தரவு உள்ளீட்டு வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். இப்படியான அழைப்புகளை நம்பிப்போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பக்கத்து இணையமோசடி முகாம்களில் அடைக்கப்பட்டதும், அரசாங்கங்கள் பேசி அவர்களில் சிலரை மீட்டதும் அண்மைய ஆண்டுகளின் செய்தி. எங்கள் மாவட்டத்துக்கு இந்த வலி புதிதல்ல. மூதூரின் ரிசானா நபீக் 2005இல் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு சவூதிக்கு அனுப்பப்பட்டார். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தக் காலத்து முகவர் வீட்டு வாசலுக்கு வந்தார், அயலவர் நாலு பேராவது அவரது முகத்தைப் பார்த்தார்கள். இன்றைய முகவருக்கு முகமே இல்லை.

‘பணியகத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது, போதாதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போதாது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் முகவருக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அது தொழில் நடத்த அனுமதி. இன்ன நாட்டில் இன்ன வேலைக்கு ஆள் எடுக்கலாம் என்பது வேறு அனுமதி, அதற்கு வேறு இலக்கம். மோசடிக்காரர் உண்மையான ஒரு முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை எடுத்துத் தன் விளம்பரத்தில் ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் பணியகத்தின் தளத்தில் பார்த்தால் இலக்கம் சரியாகவே இருக்கும். இரண்டாவது இலக்கத்தைக் கேளுங்கள். பிறகு தளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கே, விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, அழைத்து இந்த வேலை உங்களுடையதுதானா என்று கேளுங்கள்.

இன்னொரு தந்திரம். பணியகத்தில் முகவர் மூலமாகவும் பதியலாம், வேலையைத் தானே தேடிக்கொண்டதாகச் சுயமாகவும் பதியலாம். காசை வாங்கிக்கொண்டு ‘சுயமாகவே பதிந்துவிடுங்கள், சுகம்’ என்று ஒருவர் சொன்னால், நாளை பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டிய இடத்திலிருந்து அவர் தன் பெயரை இன்றே அழித்துக்கொள்கிறார் என்று பொருள்.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாமா? வேண்டாம்.

அடையாள அட்டையின் படத்தைக் கேட்கிறார்கள், அனுப்பலாமா? வேலை உறுதியாகும்வரை வேண்டாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் சட்டம் வந்தது உண்மைதான், ஆனால் வாட்ஸ்அப் குழுவுக்குள் போன படத்தை அது பிடித்துத் தராது.

நேர்முகத் தேர்வுக்குக் கட்டணம் உண்டா? உங்களிடம் காசு கேட்டால் அது நேர்முகத் தேர்வே அல்ல.

யாரிடம் முறையிடுவது? வெளிநாட்டு வேலை என்றால் பணியகத்தின் 1989 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

என்.வீ.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் ஹோட்டலுக்கு உதவுமா? உதவும், மட்டத்தை சி.வி.யின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஒன்லைனில் விண்ணப்பித்த பிறகும் தபாலில் அனுப்ப வேண்டுமா? பல அறிவித்தல்கள் அச்சுப் பிரதியைப் பதிவுத்தபாலில் கேட்கின்றன. உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுத மறக்காதீர்கள்.

முடிவுத் திகதி என்பது தபாலில் போடும் நாளா, போய்ச் சேரும் நாளா? பெரும்பாலும் போய்ச் சேரும் நாள். நிலாவெளியிலிருந்து கொழும்புக்கு என்றால் நாலைந்து நாள் முந்திப் போடுங்கள்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு இணையத்தில் ஏறும்? சனிக்கிழமை காலையில் பாருங்கள்.