உஷார்! கடை ரூட்டருக்குள் என்ன எழுதியிருக்கிறது, பார்த்தீர்களா?

ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு பட்டாசு விலைப்பட்டியலை வெளியிட்டுவிட்டால், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் தீபாவளி முடிகிறவரை யாருக்கும் தூக்கம் கிடையாது. வாட்ஸ்அப்பில் ஆர்டர், கணினியில் பில், லாரி கிளம்ப இ-வே பில். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் அந்த பில் கையில் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. இத்தனையும் நம்பியிருப்பது சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு சின்ன ரூட்டரை. மாட்டிவிட்டுப் போன தம்பி அதற்குள் என்ன எழுதினார் என்று திறந்து பார்த்த முதலாளி எத்தனை பேர்?

பி.எஸ்.என்.எல். ஃபைபரோ, உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் தரும் லைனோ, பெரும்பாலும் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில்தான் நெட் வருகிறது. 1999-ல் வகுத்த முறை. ரூட்டருக்குள் ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். கரண்ட் வந்ததும் ரூட்டர் ‘சர்வர் யாராவது இருக்கிறீர்களா’ என்று லைன் முழுக்கக் கூவும். பதில் கொடுத்தவரோடு பேச்சைத் தொடங்கிவிடும். பதில் கொடுத்தது ஆபரேட்டரின் சர்வர்தானா என்று அது விசாரிக்காது! ஒழுங்கான கம்பெனி என்றால் ஒரு வீட்டு லைன் இன்னொரு வீட்டு லைனைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருக்கும். தெருமுனையில் மலிவு சுவிட்ச் ஒன்றைத் தொங்கவிட்டு இருபது வீட்டுக்குக் கேபிள் இழுத்திருக்கிறார்கள் என்றால், அந்த இருபதில் ஒருவன் லேப்டாப்பில் போலி சர்வர் ஓட்டினால் போதும், உங்கள் ரூட்டர் அவனிடம் போய் நிற்கும்.

ரூட்டரின் வேன் (வெளி லைன்) பக்கத்தில் ‘ஆதன்டிகேஷன்’ என்று ஒரு இடம் இருக்கும். அங்கே ‘பேப்’ என்று இருந்தால் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் எழுத்துக்கு எழுத்து லைனில் போகிறது. ‘சாப்’ என்று இருந்தால் பாஸ்வேர்டு அப்படியே போகாது. ‘ஆட்டோ’ என்று இருந்தால் எதிரே இருப்பவன் பேப் கேட்டாலும் ரூட்டர் சரி என்று தலையாட்டிவிடும். ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு சாப் என்று மாற்றுங்கள். அவருடைய சர்வர் அதை ஏற்காது என்று சொன்னால், அந்த ஆபரேட்டரைப் பற்றியே யோசிக்க வேண்டிய நேரம் அது.

‘பாஸ்வேர்டு போனால் போகட்டும், கொஞ்சம் நெட்டுதானே’ என்று நினைக்காதீர்கள். அந்த யூசர்நேமில் நடப்பதெல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். அப்படிப் பதிவாகும் கணினி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டிருக்கிறது. இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை போட்டது. அதன் பிறகும் ‘சிவகாசி நேரடி விலை’ என்று போலித் தளம் போட்டுப் பணம் கறக்கும் கும்பல் தீபாவளிக்குத் தீபாவளி முளைக்கிறது. அப்படி ஒருவன் உங்கள் யூசர்நேமில் உட்கார்ந்து வேலை பார்த்தால், விசாரணை முதலில் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்கும். அந்த வேலையை நாம் செய்யவில்லை என்று நிரூபிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும்.

அடுத்தது ரூட்டரின் சொந்த பாஸ்வேர்டு. 192.168.1.1 என்று அடித்தால் வருமே, அந்தப் பக்கத்துக்கு உரியது. 2017 ஜூலைக் கடைசியில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் சுமார் 60,000 மோடம்கள் ஒரு வைரஸ் தாக்குதலில் முடங்கின. கர்நாடகத்தில் அடி பலம். காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: யூசர்நேம் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. கம்பெனியில் இருந்து வந்தபடியே விட்டிருந்தார்கள். இன்று விருதுநகர் பஜாரில் பத்துக் கடை ஏறி இறங்கினால் எத்தனை கடையில் அதே அட்மின் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. உள்ளே நுழைந்தவன், எந்தப் பெயருக்கு எந்தத் தளம் என்று காட்டும் டி.என்.எஸ். முகவரியை மாற்றிவிட்டால், நீங்கள் பேங்க் பெயரைச் சரியாகவே அடித்தாலும் அவன் வைத்த பக்கம் திறக்கும். பிரவுசர் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும். அவசரத்தில் நாம் என்ன செய்வோம்? ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அமுக்குவோம். அமுக்காதீர்கள்! வெளியிலிருந்து ரூட்டரைத் திறக்கவிடும் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்பதையும் அணைத்து வையுங்கள்.

ஆபரேட்டர் அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சர்வராக வைத்திருக்கும் மைக்ரோடிக் பெட்டியில் இருந்த ஓட்டைக்கு 2018 ஏப்ரலிலேயே திருத்தம் வந்துவிட்டது. அப்டேட் செய்யாமல் விட்ட லட்சக்கணக்கான பெட்டிகளை அதே ஆண்டு ஆகஸ்டில் கிரிப்டோ கும்பல் பிடித்துக்கொண்டது. பிரேசிலில் தொடங்கியது இந்தியாவுக்கும் வந்தது. உங்கள் பெட்டி போனால் தெருவே போகும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒன்று உண்டு. ரூட்டர் பழுது என்று போன் போட்டால், வருகிற பையன் கேபிளைப் பிடுங்கி நேராக பில்லிங் கணினியில் செருகி, விண்டோஸிலேயே ஒரு டயலர் போட்டு யூசர்நேமை அடித்துவிடுவான். ‘நெட் வந்துடுச்சுல்ல அண்ணாச்சி?’ வந்துவிட்டது, உண்மைதான். கூடவே நடுவில் இருந்த ரூட்டரின் தடுப்பும் போய்விட்டது. கணக்கு முழுக்க இருக்கும் கணினி இப்போது வெளி நெட்வொர்க்கில் நேராக நிற்கிறது. 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளைக் கலங்கடித்த வான்னாக்ரை என்ற வைரஸ், அப்டேட் செய்யாமல் வெளியே தெரிந்த விண்டோஸ் கணினிகளின் 445 என்ற போர்ட் வழியாகத்தான் பரவியது. ஒரு நாள் அவசரத்துக்குக்கூட இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறு ரூட்டர் வரும்வரை போன் ஹாட்ஸ்பாட்டில் பில் போடுங்கள்.

சின்னத் தொல்லைகளும் உண்டு. ஆபீஸ் யூசர்நேமையே குடோன் ரூட்டரிலும் அடித்து வைத்தால் ஒன்று வரும்போது மற்றது போகும், அல்லது கணக்கே பூட்டிக்கொள்ளும். சில தளம் திறந்து, பேங்க் பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் எம்.டி.யு. என்ற இடத்தில் 1500 இருக்கிறதா என்று பாருங்கள், 1492 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நெட் மெதுவாக இருக்கிறது என்று குண்டூசியால் ரீசெட் பட்டனைக் குத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். யூசர்நேம் உட்பட எல்லாம் அழிந்துபோகும்.

பணம் பறிபோனது தெரிந்த நிமிடமே 1930-க்குப் போன் போடுங்கள். அதற்கு முன், இன்று கடை சாத்துவதற்குள் ஆபரேட்டரிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு, லைனுக்கு உரிய விலான் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். சீசன் சூடு பிடித்துவிட்டால் அவர் போனை எடுக்க மாட்டார்.